பதினேழு வயதுப் பெண்ணாகவே பாடட்டும்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் கற்கிறாள். போன வருஷம் அரங்கேற்றம் முடிந்தது. பள்ளி மியூசிக்கல்களில் (பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகங்களில்) இரண்டு வருஷமாக நடிக்கிறாள். கல்லூரியிலும் மியூசிக்கல் தியேட்டர்தான் படிப்பேன் என்கிறாள். மிச்சிகன், கார்னகி மெலன், என்ஒய்யு (நியூயார்க் பல்கலைக்கழகம்) என்று மூன்று பெயர் சொல்கிறாள். பாலே கற்றதே இல்லை. ‘ஏற்கெனவே லேட், எங்களிடம் வந்தால் சீட் உறுதி’ என்கிற தொனியில் ஒரு கோச்சிங் நிறுவனம் பல ஆயிரம் டாலர் கேட்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்துப் படிப்பதென்றால் சரி என்கிறார் கணவர். நம் நிறத்துக்கு அங்கே என்ன வேஷம் கொடுப்பார்கள் என்று எனக்குப் பயம். எந்தப் பாட்டு பாடினால் எடுபடும்? அரங்கேற்றத்தில் எடுத்த படத்தையே விண்ணப்பத்தோடு அனுப்பலாமா?

– ஓர் அம்மா, எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லேட் ஆகிவிடவில்லை. பதினோராம் வகுப்பின் பிற்பாதியில்தான் நிறையப் பிள்ளைகள் இதில் இறங்குகிறார்கள். ஆனால் மூன்றே கல்லூரிப் பெயர்களோடு இறங்குவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) மியூசிக்கல் தியேட்டருக்கு ஓர் ஆண்டில் எடுப்பது பத்துப் பன்னிரண்டு பேரில் தொடங்கி இருபத்தைந்து பேர் வரைதான். அதில் ஏறக்குறைய பாதி பையன்கள். விண்ணப்பிப்பவர்களிலோ பெண்கள்தான் அதிகம். ஆக, உங்கள் மகள் குறிவைப்பது ஏழெட்டு இடங்களை. அதற்காக எழுதிப் போடும் பெண்கள் நூற்றுக்கணக்கில். இது பொறியியல் கட் ஆஃப் போல மார்க் ஏற ஏற சீட் நெருங்கி வரும் விஷயமும் இல்லை. தேர்வாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சின்ன நாடகக் குழுவை அமைக்கிறார்கள். உச்சஸ்தாயி சோப்ரானோ ஒருத்தி, தாழ்ந்த குரல்காரி ஒருத்தி, முதலில் டான்ஸர் என்று சொல்லத்தக்கவள் ஒருத்தி, சிரிக்க வைப்பவள் ஒருத்தி என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். போன வருஷம் சேர்த்தவர்களில் உங்கள் மகளைப் போன்ற குரல் ஏற்கெனவே இரண்டு இருந்தால், இவள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தக் கதவு இந்த வருஷம் திறக்காமல் போகலாம். அது அவள் கையில் இல்லை.

அவள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, பட்டியலை அகலமாகப் போடுவது. இன்னொன்று, அறைக்குள் போனதும் தான் யார் என்று தெளிவாகக் காட்டுவது. நான் பாட்டுச் சொல்லித் தருவதோடு ஆடிஷன் அறைகளில் பியானோவும் வாசிக்கிறேன். மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் எப்போது நிமிர்கிறார்கள், எப்போது குனிந்து எழுதத் தொடங்குகிறார்கள் என்பது பியானோ பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். பெரிய சுரத்தைப் பிடித்ததற்காக அவர்கள் நிமிர்ந்ததை அதிகம் பார்த்ததில்லை. பிள்ளை பாடும் வரி அந்தப் பிள்ளைக்கே இப்போதுதான் தோன்றியதுபோல் இருந்தால் நிமிர்கிறார்கள். கல்லூரி தேடுவது தயாரான நட்சத்திரத்தை அல்ல, நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தால் வளரக்கூடிய பதினேழு வயதுக்காரியை. பாட்டுத் தேர்வு, மோனோலாக் (ஒருவரே பேசும் நாடக வசனம்), உடை, படம் என்று இனி நான் சொல்வதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் சல்லடை ப்ரீஸ்க்ரீன் வீடியோ. பெரும்பாலான பெரிய கல்லூரிகள் நேரில் கூப்பிடுவதற்கு முன்னால் வீடியோ கேட்கின்றன. கணிசமானவர்கள் இங்கேயே கழிந்துவிடுவார்கள். முன்பு கல்லூரிக்கொரு விதியாக இருந்து பிள்ளைகள் படாத பாடு பட்டார்கள். சில வருஷங்களாகப் பல கல்லூரிகள் ஒரு பொது வடிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன: மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒரு மோனோலாக், ஒரு நடனம், இவற்றோடு ‘வைல்டு கார்டு’ என்று விருப்பப்படி எதையாவது காட்டும் ஒரு சின்ன வீடியோ. பாட்டும் மோனோலாகும் பெரும்பாலும் அறுபதிலிருந்து தொண்ணூறு வினாடிக்குள். ஆனாலும் நுணுக்கங்களில் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் உண்டு. ஒன்று பழைய பாட்டு எந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்று சொல்லும், ஒன்று முழு உடலும் தெரிய வேண்டும் என்னும், இன்னொன்று முகம் மட்டும் போதும் என்னும். ஆகஸ்டில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் திறந்து ஒரு எக்செல் தாளில் ஏற்றிவிடுங்கள். இந்த வேலையை அம்மா அப்பா எடுத்துக்கொள்ளலாம். கணவருக்குக் கொடுத்துப் பாருங்கள், கம்ப்யூட்டர் ஆசாமிகள் இதை அழகாகச் செய்வார்கள்.

காலண்டர் தோராயமாக இப்படி ஓடும். கோடையில் பாட்டும் மோனோலாகும் முடிவாகிவிட வேண்டும். செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் வீடியோக்கள் போய்ச் சேர வேண்டும். தேறியவர்களுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேர்முகமாகவோ ஆன்லைனிலோ ஆடிஷன். ஜனவரி, பிப்ரவரியில் ‘யுனிஃபைட்ஸ்’ என்று நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே சமயத்தில் கூடி ஆடிஷன் வைக்கும். உங்களுக்கு நியூயார்க் ரயில் தூரம்தான், அது ஒரு கொடுப்பினை. முடிவுகள் மார்ச் கடைசிவரை சொட்டுச் சொட்டாக வரும். பெரும்பாலான இடங்களில் மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். நடிப்புத் துறை சரி என்றாலும் மார்க் பார்த்துப் பல்கலைக்கழகம் தனியாகச் சரி சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கைவிட்டுவிடக் கூடாது.

இனி பாட்டு. உங்கள் மகள் கர்நாடக சங்கீதக்காரி என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

அவள் ஐந்து கட்டையில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவளுடைய மேல் ஸட்ஜமம் பியானோவில் நடு ஸிக்கு மேலே வரும் ஜி. தாரஸ்தாயிப் பஞ்சமம் அதற்கும் மேலே உள்ள டி. நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைப் பாடகிகள் ‘பெல்ட்’ என்று முழு வீச்சில் பாடுவது பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான். அதாவது, மற்ற பிள்ளைகள் பயந்து பயந்து ஏறும் இடத்தில் இவள் பத்து வருஷமாக அகாரம் பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதி சுத்தமும் மூச்சுக் கட்டுப்பாடும் கூடவே வந்திருக்கும். இது சின்ன சொத்து இல்லை.

இல்லாதது என்னவென்றால், அதற்கு மேலே உள்ள குரல். ஹெட் வாய்ஸ் என்று சொல்லும் அந்த மெல்லிய, உருண்ட மேல்பகுதியை நம் பயிற்சி பெரும்பாலும் தொடுவதே இல்லை. ‘கள்ளக் குரல்’ என்று சொல்லி அடக்கிவிடும் வாத்தியார்களும் உண்டு. 1940, 50களின் பழைய பிராட்வே பாட்டுகளில் இளம் நாயகிகள் பாடுவது பெரும்பாலும் அந்தக் குரலில். இரண்டு பாட்டில் ஒன்று பழையதாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்பதால் இதை வளர்த்தே ஆக வேண்டும். மியூசிக்கல் தியேட்டர் குரல் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் வாரம் ஒரு வகுப்பு என்று இப்போதே தொடங்கினால் அக்டோபருக்குள் கேட்கும்படியான ஒரு ஹெட் வாய்ஸ் வந்துவிடும். அதுவரை கச்சேரிப் பாட்டை நிறுத்த வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் உச்சத்தில் பாடி, அதற்கு மேல் பள்ளி ரிகர்சலும் வைத்துக்கொண்டு தொண்டையைக் கட்டவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது கமகம். சுரத்தைக் கீழிருந்து இழுத்து வந்து தொடுவது நமக்கு அழகு. பிராட்வே பாட்டுக்குப் பழகிய காதுகளுக்கு அது சுருதி சேராத தடுமாற்றமாகக் கேட்கும். சுரத்தின் மேலே நேராகப் போய் இறங்கப் பழக வேண்டும். நான் செய்வது இது: பாட்டின் வரிகளை முதலில் பேச வைப்பேன், பிறகு ஒரே சுரத்தில் சொல்ல வைப்பேன், அதற்கப்புறம்தான் மெட்டு. சொல்லின் முதல் எழுத்து பளிச்சென்று விழுந்தால் இழுப்பு பாதி தானாகவே போய்விடும். இன்னொன்றும் உண்டு. தம்பூராவை மட்டும் கேட்டு வளர்ந்த காது, கீழே பியானோவின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும்போது தன் சுரமும் நிறம் மாறுகிறது என்பதைக் கவனிக்காது. ஒரு வாரம் பியானோவை மட்டும் கேட்கச் சொல்லுங்கள், பாட வேண்டாம்.

எந்தப் பாட்டு எடுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் தப்பாகிவிடும். எப்படிப்பட்ட பாட்டு என்று மட்டும் சொல்கிறேன். பாடுகிறவளுக்கு வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். விவாகரத்தான நாற்பது வயதுக்காரியின் ஒப்பாரியைப் பதினேழு வயதுப் பெண் பாடினால் குரல் நன்றாக இருந்தாலும் பொம்மலாட்டம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பாட்டில் அவள் யாரிடமோ எதையோ கேட்க வேண்டும்: என்னைக் கூட்டிப்போ, என்னை நம்பு, என்னை விட்டுவிடு, எதுவானாலும். சோகத்தை வர்ணித்துக்கொண்டே போகும் பாட்டு தொண்ணூறு வினாடிக்குள் எங்கும் நகராது. இந்த வருஷம் எல்லார் ஃபோனிலும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு வேண்டாம். ஒரே நாளில் அதை ஏழு பேர் பாடி வாசித்திருக்கிறேன், ஏழாவது பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம். இரண்டு பாட்டும் இரண்டு முகத்தைக் காட்ட வேண்டும்: ஒன்று நெகிழ்ந்தால் மற்றது குறும்பாக இருக்கட்டும்.

மேல் சுரம் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் வருகிறதென்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். ஜலதோஷத்தோடு, காலை ஒன்பது மணிக்கு, ஹோட்டல் அறையின் காய்ந்த காற்றில் தூங்கி எழுந்து பாடினாலும் வருகிற பாட்டுதான் ஆடிஷன் பாட்டு.

பாட்டைச் சுருக்கி வெட்டும் விதத்துக்கு ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு பார் (தாளக் கட்டம்), பதினாறு பார் என்று கேட்பார்கள். நல்ல சுரம் இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டுகிறார்கள் பலர். முதலில் நிலைமை, பிறகு ஒரு திருப்பம், கடைசியில் ஒரு முடிவு என்று ஒரு குட்டிக் கதை அந்த வெட்டுக்குள் இருக்க வேண்டும். நீண்ட முன்னிசை தேவையில்லை. ஒரு சுரம் கொடுத்தால் போதும்.

இப்போது பியானோக்காரரின் பக்கம். ஷீட் மியூசிக்கை இரண்டு பக்கமும் அச்செடுத்து, பைண்டரில் போட்டு, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தடித்த பேனாவால் குறித்துக் கொண்டுவர வேண்டும். தாளின் கீழ்வரி ஜெராக்ஸில் வெட்டுப்பட்டிருந்தால் என் இடது கைக்கு வேலை இல்லாமல் போகும். நஷ்டம் பாடுகிற பிள்ளைக்கு. பாடுகிற சுருதியிலேயே அச்சடித்திருக்க வேண்டும், ‘ரெண்டு படி இறக்கி வாசிங்க’ என்று அங்கே வந்து கேட்கக் கூடாது. லயம் காட்ட விரலைச் சொடுக்க வேண்டாம். பியானோவுக்குப் பக்கத்தில் வந்து, வணக்கம் சொல்லி, முதல் இரண்டு வரியை எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தால் போதும், வேகம் கைக்கு வந்துவிடும். நம் பிள்ளைகள் மிருதங்கத்தோடு பாடிப் பழகியவர்கள், பக்கவாத்தியத்தோடு பேசத் தெரிந்தவர்கள். இதை அவர்கள் மற்றவர்களைவிட அழகாகச் செய்வார்கள். ஆங்கில அறைக்குள் போனதும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

மோனோலாக் விஷயத்தில் அவளுடைய அபிநயம் உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். உள்ளே ஒரு பாவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கத் தெரியும், கண் பேசும். ஆனால் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய புருவமும் உதடும் காமிராவுக்கு மூன்றடி முன்னால் ரொம்பப் பெரிதாகத் தெரியும். வீட்டில் ஃபோனை வைத்து, உங்களிடம் சும்மா பேசுவதுபோலச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அவளே பார்க்கட்டும். அச்சில் வந்த நாடகத்திலிருந்து எடுக்க வேண்டும். சினிமா வசனமும், மோனோலாக்குக்கென்றே எழுதி விற்கும் துண்டுகளும் வேண்டாம். முழு நாடகத்தையும் படித்திருக்க வேண்டும். ‘இதற்கு முன்னால் என்ன நடந்தது?’ என்று ஒரு கேள்வி வந்தால் முழிப்பது அசிங்கம். தெற்காசியப் பெண் பாத்திரம்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. செய்யவே கூடாது என்றும் இல்லை. அவளுக்குப் பேச ஆசையாக இருப்பதைப் பேசட்டும்.

நடனம். பாலே தெரியாது என்று பயந்திருக்கிறீர்கள். இந்த வாரமே தொடக்கநிலை பாலே ஒன்றிலும், தியேட்டர் ஜாஸ் ஒன்றிலும் சேர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு நிற்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. அரைமண்டியில் பத்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு முழங்காலை வெளித்திருப்புவது புதிதில்லை. எடையை மேலே தூக்கிக்கொள்வதும் காலை நீட்டி விரல் நுனி கூர்ப்பதும்தான் புதிது, தரையைத் தட்டிப் பழகிய பாதம் முதலில் முரண்டு பிடிக்கும். ‘டான்ஸ் கால்’ என்னும் நடனத் தேர்வில் ஒரு சின்னக் கோர்வையை வேகமாகச் சொல்லித் தந்து, கும்பல் கும்பலாக ஆடச் சொல்வார்கள். தப்பாகப் போனால் முகம் சுளிக்கிறாளா, சிரித்துக்கொண்டு அடுத்த எட்டு எண்ணிக்கையில் சேர்ந்துகொள்கிறாளா என்று பார்க்கிறார்கள். அடவுக் கோர்வைகளை ஒரு தரம் பார்த்ததும் பிடிக்கத் தெரிந்தவளுக்கு இது வரும். அவளை டான்ஸராக மட்டும் எடுக்கப் போவதில்லை; ஆட வைக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

வைல்டு கார்டு வீடியோ இருக்கிறதே, அதில் மூன்றாவது பிராட்வே பாட்டைப் போடாதீர்கள். நம் பிள்ளைகளுக்காகவே வைத்ததுபோல் அந்த இடம் இருக்கிறது. ஆனால் அரங்கேற்ற வீடியோவிலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பினால் தூரத்தில் ஒரு பட்டுப்புடவை அசைவது மட்டும் தெரியும். சாதாரண சுடிதாரில், வீட்டு ஹாலில், ஒரு ஜதியைச் சொல்லிக்கொண்டே ஆடட்டும். அல்லது ஒரு பதத்தின் இரண்டு வரியைப் பாடி, தோழியிடம் என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு அபிநயம் பிடிக்கட்டும். என்னிடம் கற்ற ஒரு பெண் சாப்பாட்டு மேஜையில் தாளம் போட்டுக் கொன்னக்கோல் சொல்லி, நடுவில் தப்பு விட்டுச் சிரித்து, திரும்பத் தொடங்கியதை அப்படியே அனுப்பினாள். நேரில் கூப்பிட்ட இரண்டு கல்லூரிகளில் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

வீடியோ எடுக்க ஸ்டூடியோ வேண்டாம். வெறும் சுவர், முகத்துக்கு எதிரே வெளிச்சம், கண் உயரத்தில் ட்ரைபாட், ஃபோன் படுக்கைவாட்டில். பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) ஓடும் ஸ்பீக்கரைக் காமிராவிலிருந்து தள்ளி வையுங்கள், குரல் மேலே கேட்க வேண்டும். ஒரு துண்டை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். குரலைத் திருத்தும் சாஃப்ட்வேரைத் தொடவே கூடாது. ஒரு பாட்டுக்கு ஐந்து டேக்குக்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அதற்கப்புறம் வருவது களைப்புதான்.

கோச்சிங் நிறுவனத்தைப் பற்றி. சீட் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். நானும் இந்தத் தொழிலில் இருக்கிறவன்தான், ஆனாலும் சொல்கிறேன்: உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல குரல் ஆசிரியர், இரண்டு நடன வகுப்பு, பள்ளி நாடக ஆசிரியரின் சில மணிநேரம், பாட்டை வெட்டித் தர ஒரு பியானோக்காரர். இதைத் தனித்தனியாக அமைத்துக்கொண்டால் அவர்கள் கேட்பதில் ஒரு பங்குதான் ஆகும். கோடை முகாம்களும் அப்படியே. மிச்சிகன், கார்னகி மெலன், நார்த்வெஸ்டர்ன் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல கோடைப் பயிற்சி நடத்துகின்றன. கற்றுக்கொள்ளலாம், ஆனால் அது நுழைவுச் சீட்டில்லை. பணம் இடித்தால் விட்டுவிடலாம்.

பணம் என்றதும் கணவரிடம் வருகிறேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிஎஃப்ஏ படிப்பில் நேரத்தின் பெரும்பகுதி நடிப்பு, குரல், இசைக் கோட்பாடு, நடனம் என்று ஸ்டூடியோவிலேயே போய்விடும், மாலையில் ரிகர்சல். அதன்மேல் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏற்றுவது பெரும்பாலான இடங்களில் நடக்காது. ஆனால் பி.ஏ. பாதை இருக்கிறது. நார்த்வெஸ்டர்னில் தியேட்டர் பட்டத்தோடு மியூசிக் தியேட்டர் சான்றிதழ் படிக்கலாம், அங்கே இரட்டை மேஜர் (இரண்டு முதன்மைப் பாடம்) சகஜம். என்ஒய்யுவிலேயே இரண்டு வழி உண்டு: டிஷ் பள்ளியில் பிஎஃப்ஏ, ஸ்டைன்ஹார்ட் பள்ளியில் பாட்டை முதன்மையாக வைத்த பி.எம். (இசை இளங்கலை) பட்டம். மூன்றும் மூன்று மாதிரியான வாழ்க்கை. எது தனக்கு வேண்டும் என்று மகள் யோசித்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

அவள் சொன்ன மூன்றில் தனியார் கல்லூரிகளான கார்னகி மெலனிலும் என்ஒய்யுவிலும் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகம் என்றாலும் வெளிமாநிலத்தாருக்குக் கட்டணம் தனியாருக்கு நெருக்கமாகவே இருக்கும். ஒவ்வொரு கல்லூரி வலைத்தளத்திலும் உதவித்தொகை போக உங்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்று இருக்கும். சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கே. நாலு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்து, விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே மகளிடம் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் கனவுக் கல்லூரியின் கடிதம் கையில் இருக்கும்போது சொல்வது கொடுமை. சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் எர்லி டிசிஷனில் செலவு தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். நடிகர்களில் பெரும்பாலோர் பல வருஷம் வேறு வேலையும் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள். ஆக, பெரிய கடனோடு இந்தத் தொழிலுக்குள் வரக் கூடாது என்பது என் திடமான கருத்து. பெயர் குறைந்த கல்லூரியில் கடனில்லாமல் படித்தவள் நியூயார்க்கில் மூன்று வருஷம் தாக்குப்பிடிப்பாள்.

அதனால் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பெயராவது இருக்கட்டும். உங்கள் மாநிலத்திலேயே மான்ட்க்ளேர் ஸ்டேட்டில் பிஎஃப்ஏ மியூசிக்கல் தியேட்டர் இருக்கிறது, மாநிலத்தாருக்கான கட்டணம். ரைடர் தனியார், ஆனாலும் பக்கத்தில். சின்சினாட்டி, பால்ட்வின் வாலஸ், பென் ஸ்டேட், ஈலான், இதக்கா, பாஸ்டன் கன்சர்வேட்டரி என்று தரமான இடங்கள் நிறைய. இவற்றில் பலவும் நுழையக் கஷ்டமானவைதான், அதையும் மனதில் வையுங்கள். கடைசியில் ஆடிஷனே இல்லாமல் தியேட்டர் படிக்கக்கூடிய பி.ஏ. இரண்டு, ‘இங்கே போனாலும் சந்தோஷமாக இருப்பேன்’ என்று அவளே சொல்லும்படியாக. விண்ணப்பக் கட்டணம், வீடியோ கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

நிறம். உங்கள் பயம் காரணமில்லாததில்லை. 2004இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பிராட்வேக்கு வந்தபோது மனு நாராயணும் அனிஷா நாகராஜனும் நாயகன் நாயகியாக நின்றார்கள். மனு கார்னகி மெலனில் படித்தவர். அதன்பின் நம்மவர்கள் நாயக வேஷத்தில் வருவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. 2021இல் பெருந்தொற்று முடிந்து பிராட்வே திறந்தபோது நியூ ஜெர்சியில் வளர்ந்த மலையாளிப் பிள்ளை மைக்கேல் மலியக்கல் ‘அலாதீன்’ நாயகனானார். அப்போதே அவருக்கு ஜோடியாக ஷோபா நாராயண் வந்தார். ஷோபா பரதநாட்டியம் கற்று, பாஸ்டன் கன்சர்வேட்டரியில் மியூசிக்கல் தியேட்டர் படித்தவர். மைக்கேலோ பீபாடி இசைக்கல்லூரியில் சாஸ்திரிய மேற்கத்தியப் பாட்டு படித்தவர், பிஎஃப்ஏ பக்கமே போகவில்லை. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உங்கள் வேலை ஒன்று இருக்கிறது: கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது, கடந்த மூன்று வருஷ நாடகங்களில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு என்ன பாத்திரம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நிகழ்ச்சிப் படங்கள் அவர்கள் பக்கத்திலேயே இருக்கும். தோழி, வேலைக்காரி, கூட்டத்தில் ஒருத்தி என்று மட்டும் இருந்தால் தெரிந்துவிடும்.

ஆடிஷன் நாளில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். வெளியே வந்ததும் ‘எப்படிப் போச்சு?’ என்று கேட்க வேண்டாம், சாப்பிடக் கூட்டிப்போங்கள். வேண்டுமானால் அவளே சொல்வாள். கல்லூரிக்கு ஃபோன் போடுவது, பேராசிரியருக்கு மெயில் எழுதுவது எல்லாம் அவள் செய்ய வேண்டியது. மார்ச்சில் மறுப்புகள் அடுத்தடுத்து வரும்போது உறவுக்காரர்களுக்கு ஒவ்வொன்றாக அறிவிக்காதீர்கள். எங்கே சேர்ந்தாள் என்பதை மே மாதம் ஒரே தரம் சொன்னால் போதும்.

கடைசியாக அந்தப் படம். நெற்றிச்சுட்டி, ஜடை, மையெழுதிய கண்ணோடு இருப்பது அனுப்ப வேண்டாம். ஹெட்ஷாட்டில் (விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்படத்தில்) அன்றைக்கு அறைக்குள் நடந்து வரப்போகிற முகம்தான் இருக்க வேண்டும்: அவள் வழக்கமாக வாரும் தலை, லேசான மேக்கப், ஒரே நிறத்தில் ஒரு மேல்சட்டை, ஜன்னல் வெளிச்சம். நல்ல காமிரா வைத்திருக்கும் நண்பர் எடுத்தாலே போதும். அரங்கேற்றம் ரெஸ்யூமேயில் பயிற்சி என்ற தலைப்பின் கீழ் வரட்டும்: பரதநாட்டியம், எத்தனை ஆண்டு, குரு பெயர், தனி அரங்கேற்றம் நடந்த ஆண்டு. அதற்குக் கீழே கர்நாடக சங்கீதம், அதே மாதிரி. பேசும் மொழிகளில் தமிழையும் எழுதச் சொல்லுங்கள், நிறையப் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள்.